முந்திரி அப்பா

பந்து இன்னும் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் இவர் கயிற்றோரம் மண்டியிட்டாகிவிட்டது. வலது முழங்காலில் ஒரு ரப்பர் உறை. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது போட்டுக்கொள்வது. கேமராவைத் தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் பேண்டில் அழுத்தித் துடைக்கிறார். விடுமுறை நாளிலும் விரலில் கிரீஸ் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இடது கண்ணை இடுக்கிக்கொண்டு, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார். காத்திருக்கிறார் என்று நான் எழுதியது தப்பு, அந்த மனிதருக்குக் காத்திருக்கவே தெரியாது. கிளிக். "ஆச்சு," என்கிறார். ஒன்றும் ஆகவில்லை. எதிரணிப் பெண் இப்போதுதான் உதைக்கக் காலைத் தூக்குகிறாள்.

இவருடைய ஒரே மகள் எங்கள் சிறுமியர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். என் அக்கா மகளும் அதே அணியில்தான் ஆடுகிறாள். அக்காவுக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு என்பதால், தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையுமாகச் சித்தி நான் கிளம்பி வந்துவிடுகிறேன். கால்பந்து எனக்கு அரைகுறைதான். கயிற்றுக்கு இந்தப்பக்கம் நடக்கும் ஆட்டம் மட்டும் நன்றாகப் புரியும்.

இந்தப்பக்கம் எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓர் அம்மா சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்து, பின்னால் நிற்கிற நாலு பேருக்கு ஆட்டத்தையே மறைத்துவிடுவார். ஓர் அப்பா ஆட்டம் முழுக்க வீடியோ எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அதில் அவருடைய கட்டை விரல்தான் கதாநாயகன். இவர்களுக்கெல்லாம் நடுவில், மடக்கு ஸ்டூல் போட்டு, பல பைகள் வைத்த சட்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பவர் கிளப் அமர்த்தியிருக்கும் போட்டோகிராபர். அவருடைய லென்ஸ் என் முழங்கை நீளம் இருக்கும். பிள்ளைகள் அவருக்குப் 'பீரங்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

பீரங்கி எடுத்த படத்தில் பந்து சரியாகக் காலில் ஒட்டியிருக்கும். தலைமுடி பறக்கும், வியர்வைத் துளி தனியே தெரியும். நம்மவர் படத்தில் பந்து எங்கேயோ இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. ஒரு பெண் வாயைத் திறக்கப் போகிறாள், ஒரு பெண் ஓடப் போகிறாள், நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டு போகிறார். உலகத்தில் எல்லாமே நடக்கப் போகிறது, எதுவுமே நடந்தபாடில்லை.

"அண்ணே, உதைச்ச சத்தம் கேட்டப்புறம் அழுத்துங்க," என்று பீரங்கி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"அப்படித்தான் நினைக்கிறேன் தம்பி. விரல் கேக்க மாட்டேங்குது."

விரல் மட்டுமா, ஆளே அப்படித்தான். லிஃப்ட் மெக்கானிக் அவர். நடுமாடியில் யாராவது மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். "பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. இதோ வந்துட்டேன், கீழதான் நிக்கிறேன்," என்பார். அப்போது அவர் மைதானத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார். பொய்தானே என்று கேட்டேன். "பொய் இல்லம்மா, கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன். உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு வரணும்ல?" என்றார்.

முந்திரிக்கொட்டை என்று பெயர் சூட்டியது அவருடைய மனைவி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறார். வாரம் முழுக்க வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களையே பார்ப்பதால், சனிக்கிழமை எங்களிடம் சேர்த்துவைத்துப் பேசித் தீர்ப்பார். "இவ பொறந்தப்ப எடுத்த முதல் போட்டோ எங்க வீட்டுல இருக்கு, வந்து பாருங்க. வெறும் கதவு. பிரசவ வார்டு கதவு. நர்ஸ் செருப்புச் சத்தம் கேட்டுச்சாம், கொழந்தையோட வர்றாங்கன்னு அழுத்திட்டாராம். அந்தம்மா வெறுங்கையோட டீ குடிக்கப் போயிருக்கு," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தக் கதவுப் படம் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது; ஒட்டி வைத்தவரும் மனைவியேதான். பெற்றோர் வாயில் 'முந்திரிக்கொட்டை' தேய்ந்து 'முந்திரி' ஆனது. பிள்ளைகளுக்கு அவர் 'முந்திரி அப்பா'. கூப்பிட்டால் என்னவென்று திரும்பிப் பார்க்கிறார், கோபமே வராது.

ஒரே ஒரு முறைதான் அவர் முகம் வாடி நான் பார்த்தேன். போன வருஷம் கிளப் அறைச் சுவரில் மாட்ட ஆளுக்கொரு படம் கேட்டார்கள். இவர் தன் கேமராவை மகளிடம் நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். அதிகம் பேசாத பெண். கையுறையைக் கழற்றினால் விரல்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பாள். கடைசியில், "அப்பா, உங்க போட்டோல நான் எதையுமே புடிக்கலப்பா," என்றாள். குத்திக்காட்டவில்லை, பார்த்ததைச் சொன்னாள். சுவரில் பீரங்கியின் படம் ஏறியது. "அவரு எடுத்தது நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை: மகள் கையில் பந்தோடு ஒரு படம். தானே எடுத்ததாக. நாங்களெல்லாம் கோப்பைக்காக வந்தோம், இவர் அதற்காக வந்துகொண்டிருந்தார்.

இந்த வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. பெனால்டி உதை என்று ஒன்று உண்டு. உதைப்பவளும் கோல்கீப்பரும் மட்டும் எதிரெதிரே நிற்க, மற்ற எல்லோரும் தள்ளிப்போய் வேடிக்கை பார்ப்பது. ஓடுகிற ஆட்டத்தில் புலியாகப் பாயும் இந்தப் பெண், பெனால்டி என்றால் தவறாமல் எதிர்ப்பக்கம் விழுந்தாள். இவள் வலப்பக்கம் பாய்ந்தால் பந்து இடப்பக்கம். இவள் இடப்பக்கம் என்றால் பந்து வலப்பக்கம். எதிரணிக்காரிகள் என்ன, ஜோசியமா படித்திருக்கிறார்கள்? பயிற்சியாளரம்மா கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அவளைக் கூப்பிட்டு, "பெனால்டி வரைக்கும் போச்சுன்னா இன்னொரு பொண்ண நிறுத்தறேன்மா. மனசுல வெச்சுக்காத," என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா கேமரா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். அன்று அவர் வாயில் ஒரு 'ஆச்சு'கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சி. கிளப் அறையில் பீரங்கி மடிக்கணினியும் கையுமாக இருந்தார். வருஷக் கடைசிக் காட்சிக்குப் பெற்றோர் எடுத்த படங்களையும் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நம்மவர் கூச்சத்தோடு, "ஒண்ணும் தேறாது தம்பி, சும்மா பாருங்க," என்று தன் கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒட்டி நின்றார். பீரங்கி முதலில் சிரித்தார். பந்தில்லாத மைதானம், உதைபடாத பந்து, குதிக்காத பெண். பிறகு சிரிப்பு நின்றது. பெனால்டிப் படங்களை மட்டும் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்குத்தான் ஃபுட்பால் தெரியாதே. இதுல பாப்பா எந்தப் பக்கம் பாயப் போறா, சொல்லுங்க?"

"வலது," என்றேன்.

"இதுல?"

"இடது. பார்த்தாலே தெரியுதே, அந்தப் பக்கத்து முட்டி மடங்குது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எல்லாப் படத்திலும், உதைப்பவளின் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே, மகளின் ஒரு முழங்கால் மட்டும் லேசாக உள்ளே மடங்கியிருந்தது. எந்தப் பக்கம் பாயப் போகிறாளோ அந்தப் பக்கத்து முழங்கால். எனக்கே தெரிகிறது என்றால், எதிரே நின்று உதைப்பவளுக்குத் தெரியாதா? பீரங்கியின் படங்களில் இது எங்கேயும் இல்லை. அவர் அழுத்தும்போது அவள் எப்போதும் அந்தரத்தில் இருப்பாள்.

"அண்ணே, நீங்க எப்போ அழுத்துவீங்க?"

"அவ பாயப் போறா இல்ல, அப்போ."

"பாயப் போறான்னு எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி தம்பி? அப்பனுக்குத் தெரியாதா?" என்றவர் திரையைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டே பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அட ஆண்டவா. என் விரலுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே."

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் ஒரு படத்தையும் வேகமாகத் தள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தாள். பிறகு, "அப்பா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மகள் தன் படங்களை இன்னும் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் சட்டைப்பை, பேண்ட் பை எல்லாவற்றையும் தடவி இன்னொரு கார்டை எடுத்த அவசரத்தில், கார் சாவி, ஸ்பேனர், ஒரு லிஃப்ட் பட்டன் என்று கையில் சிக்கியதெல்லாம் மேஜைமேல் விழுந்தது.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரே பயிற்சி: உதைக்கும் வரை அசையாமல் நிற்பது. கேட்கச் சுலபமாக இருக்கிறது, நின்று பாருங்கள். என் அக்கா மகள் உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது என்று வீட்டில் வந்து என்னிடம் எண்ணெய் தேய்க்கக் கேட்டாள். பயிற்சியாளரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்து, பெனால்டிக்குத்தான் வந்து நின்றது. பயிற்சியாளரம்மா இரண்டு கோல்கீப்பர்களையும் பார்த்தார். இன்னொரு பெண் எழுந்து கையுறை மாட்டத் தொடங்கினாள். "நீ உக்காரும்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, நம் பெண்ணைப் பார்த்து மோவாயை அசைத்தார். கயிற்றோரத்தில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முந்திரி அப்பா கோலுக்குச் சாய்வாக மண்டியிட்டுக் கேமராவுக்குள் புகுந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுப் பீரங்கி உட்கார்ந்தார்.

முதல் சில உதைகள் உள்ளே போயின, அவள் சரியான பக்கம்தான் பாய்ந்தாள், கை எட்டவில்லை. அடுத்து வந்தவள் உயரமான பெண். பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, நம் பெண்ணின் கால்களையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஓடி வந்தாள். கால்களில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு முழங்கால்களும் நட்டு வைத்த மாதிரி நின்றன. பந்து கிளம்பிய பிறகுதான் உடம்பு கிளம்பியது. சத்தம் கேட்டது: பந்து கையுறையில் பட்டு, நெஞ்சோடு அடங்கின சத்தம். பக்கத்தில் பீரங்கியின் கேமரா படபடவென்று ஓடியது. அவள் அம்மா என் கையை நசுக்கிவிட்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்?

கோப்பை எங்களுக்கு இல்லை. எங்கள் பெண்களும் இரண்டைத் தவறவிட்டார்கள். அதில் ஒன்றை வானத்துக்கு அனுப்பி வைத்தவள் என் அக்கா மகள். அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்துத் தேற்றிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளரம்மா கோல்கீப்பரின் தோளைத் தட்டி, "அடுத்த வருஷமும் நீதான் நிக்கற," என்று சொல்லிவிட்டுப் போவது காதில் விழுந்தது. கோப்பை வாங்குபவர்களைப் படமெடுக்கப் பீரங்கி ஸ்டூலை மடக்கினார். போகிற போக்கில் தன் கேமராவின் பின்பக்கத்தை நம்மவரிடம் காட்டினார். அந்தரத்தில் மகள், இரண்டு கைக்குள்ளும் பந்து.

"அனுப்பறேண்ணே. உங்களுக்கு எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு தம்பி, உங்களுது ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார். தன்னுடையதைக் காட்டவில்லை.

மகள் கையுறையைக் கழற்றாமலே நேராக அப்பாவிடம் வந்தாள். முகமெல்லாம் புழுதி.

"எடுத்தீங்களாப்பா?"

அவர் கேமராவைக் கீழே இறக்கினார். வெறுங்கையை விரித்தார்.

"நீ மடக்கவே இல்லையே பாப்பா."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள், இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "விரலுக்கு எப்பவும் போல தெரியும்னு நம்பி உக்காந்திருந்தாராம். இந்த ஜென்மத்துல ஒரு தடவை ஒழுங்கா காத்திருந்திருக்காரு, அதுவும் இன்னிக்கித்தானா," என்றார்.

மகள் சுற்றிலும் பார்த்தாள். கிடந்த ஒரு பந்தை எடுத்து என் அக்கா மகளிடம் உருட்டிவிட்டு, காலி மைதானத்தில் நடந்து போய், கோல் கோட்டின்மேல் நின்றாள். கையுறைகளைத் தட்டிக்கொண்டாள். அப்பா பக்கம் ஒரு முறை பார்த்தாள். அவர் அவசரமாக உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டார்.

அவள் இடது முழங்காலை லேசாக உள்ளே மடக்கினாள். என் அக்கா மகள் இன்னும் உதைக்கக்கூட இல்லை. "ஆச்சு," என்றார்.