லாரித் தடத்தில் கொட்டிய குப்பை

மாமல்லபுரத்துக்கு மேற்கே எங்கள் சவுக்குத் தோப்பை வெட்டி ஏற்றிய லாரிகள், ஈரமண்ணில் ஒரே தடத்தில் போய்வந்தன. வேலை முடிந்தபோது அந்தத் தடம் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அது உள்ளே இறங்காமல் என் காலையே நனைத்தது.

"இது இனிமே மண்ணு இல்ல, ரோடு. தோப்பையே டூரிஸ்ட் வேன் நிறுத்த வுட்டுடலாம்" என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழைவரை பொறுக்கச் சொன்னேன். தடத்தில் தண்ணீர் இறங்கினால் மறுபடியும் சவுக்கு, தேங்கினால் வேன்.

பக்கத்துத் தோப்பு என் நாத்தனாருடையது. அதையும் அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். வெட்டு முடிந்ததும் சருகை ஒட்டக் கூட்டி அள்ளிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னாமே, தோப்பா இது, குப்பமேடா?" என்று வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார்.

"மரத்த வெட்டியாச்சு, மண்ணோட துணியையும் உருவணுமா அண்ணி?" என்றேன்.

மறுநாள், அவர் தோப்பில் கூட்டிய சருகு முழுவதும் எங்கள் லாரித் தடத்தின் மேல் கிடந்தது. குப்பைதானே பிடிக்கும், வைத்துக்கொள் என்று அர்த்தம். வீம்புக்கு நானும் அதைத் தொடவில்லை. பேச்சையும் நிறுத்திக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அந்தச் சருகைக் கிளறினால், அடியில் கரையான். இறுகிய தடமெங்கும் பொடிப்பொடியாகத் துளைகள். வீட்டில் கரையானைக் கண்டால் மண்ணெண்ணெய் தேடுகிறவள், அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை விட்டதும் நானும் கணவரும் தோப்புக்கு ஓடினோம். தடத்தில் தண்ணீர் நிற்கவில்லை. கணவர் குச்சியால் குத்தினார். விரல் நீளத்துக்கு உள்ளே போயிற்று. அதற்குக் கீழே இன்னும் கட்டிதான், இளக வருஷங்கள் ஆகும். "சரி, சவுக்குக் கன்னுக்குச் சொல்லிடறேன்" என்றார். சந்தோஷம் தாங்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

வேலியோரம் நாத்தனார் நின்றிருந்தார். ஒட்டக் கூட்டிய அவர் தோப்பின் தடத்தில் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதையும் எங்கள் தடத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏம்மே, அது என் குப்பதான? பாதியாவது திருப்பிக் குடு."

நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். கூடையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.