களிமண்ணில் சவுக்கு

"சவுக்கு வச்சு விடு. அதை வெட்டுற வருஷம் வந்து இங்கேயே கடை போட்டுடறேன், திரும்பிப் போகமாட்டேன்." குவைத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னது இதுதான். நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும் மரம் என்பதால் நானும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டேன்.

நான் கடலோரத்துக்காரி. எங்கள் ஊர் மணலில் சவுக்கு யாரையும் கேட்காமல் வளரும். திருவாரூர்ப் பக்கம் புகுந்த வீட்டில் எங்களுக்கு இருந்ததோ, அடைமழையில் நெல்லே முழுகிப்போகும் பள்ளம். காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிற களி. முதலில் வைத்த கன்றுகள் கார்த்திகையில் வேரழுகிப் போயின.

விடுவேனா? பிறந்த ஊரில் அண்ணன் கொல்லையிலிருந்து டிராக்டரில் மணல் கொண்டுவந்து, குழிகுழியாகக் கொட்டி, மறுபடி வைத்தேன். "மருமவ சீர் கொண்டாந்து எறக்குறா" என்று மாமியார் சிரித்தார். மழை வந்தது. மணலில் இறங்கிய தண்ணீரைச் சுற்றியிருந்த களி வெளியே விடவில்லை. ஒவ்வொரு குழியும் தண்ணீர்ப் பானையாகிவிட்டது. கன்றெல்லாம் இலை பழுத்து நின்றதைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். கன்றுக்காக எவள் அழுவாள்? இன்னும் நாலைந்து வருஷமா என்றுதான் அழுதேன்.

அதே வெள்ளத்தில் வாய்க்கால் ஓரத்து நீர்மருது மட்டும் ஜம்மென்று நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. வெட்டுக்கு வரப் பாதி ஆயுசு பிடிக்கிற மரம். அதை வைத்தால் இவர் எப்போது வருவார்? அந்தக் கோபத்தில் ஒரு வருஷம் நிலத்தைச் சும்மாவே போட்டேன்.

அப்புறம் வைத்துவிட்டேன். பள்ளம் முழுக்க மருது, மேட்டு வரப்பில் புங்கு. அடுத்த மழை வடிந்தபோது ஏறக்குறைய எல்லாமே துளிர்த்திருந்தன. சந்தோஷப்பட வேண்டியவள், இது வெட்டுக்கு வர எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீடியோ காலில் காட்டினேன்.

"சவுக்கு மாதிரி தெரியலையே?"

"மருதுங்க. இந்த மண்ணுக்கு இதுதான் வரும்."

"இதை எப்ப வெட்டுறது?"

"வெட்டுறதுக்கு வைக்கலீங்க. மரத்தப் பாத்துக்கிட்டு இருந்தா நமக்கு வயசாயிடும். எனக்கு உங்களப் பாக்கணும். வந்துடுங்க."

அங்கே யாரோ அவரை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது. அவர் போனை வைக்கவில்லை.