கள்ள மூச்சு

மூன்று பிளாஸ்டிக் பந்துகள் உள்ள ஒரு குழாயைக் கையில் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும் என்றாள் நர்ஸ். கட்டிலில் இருந்த என் தங்கச்சி ஸ்டெல்லா இழுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

மருந்து வாசம் அடிக்கிற அந்த வார்டில் எனக்கு எங்கள் குளச்சல் வீட்டுக்குப் பின்னால், கயிறு திரிக்கத் தேங்காய் மட்டைகளை அழுகப் போட்ட குளத்தின் நாற்றம் வந்தது. அந்த நாற்றத்துக்குப் பயந்து, மட்டை அடித்து நார் எடுக்கிற பெண்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள் என்பதால், பாட்டு டீச்சர் சொன்ன அகார சாதகத்தை சின்ன வயதில் நாங்கள் விடியற்காலையில் அங்கேதான் செய்வோம். கீழ் ஸட்ஜத்தில் ‘ஆ’ என்று பிடித்தால், இந்த முனைத் தென்னையிலிருந்து அந்த முனைத் தென்னை வரை கரையோரமாக ஒரே மூச்சில் நடக்க வேண்டும். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு அரைகுறையாக இழுப்பேன், அவளோ அத்தனை நாற்றத்தையும் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு முன்னால் போய், தென்னையையும் தாண்டித்தான் நிற்பாள்.

“அக்கா, நடுவுல கள்ள மூச்சு எடுத்தியா?”

“இல்லட்டி.”

“எடுத்த. எனக்குக் கேட்டுது.”

குளத்தை மண்ணடித்து மூடி, மேலே கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அது போகட்டும்.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஸ்டெல்லா குழாயைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டு, “அக்கா, வீட்டுக்குப் போவமா?” என்றாள். அந்த மூன்று வார்த்தைக்குள் இரண்டு முறை மூச்சு எடுத்தாள்.

எனக்குக் கேட்டது. கேட்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.