சூசை மாமா காதில் விழுந்த சொல்

நனைந்த கான்வாஸ் வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும்... ஜொகூர் பாருவில் பொம்பா என்கிற தீயணைப்புப் படையின் குவாட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு வீட்டு வாடையே அதுதான். தீயை அணைத்துவிட்டுத் திரும்பியதும் தண்ணீர்க் குழாய்களைக் கழுவி, ஸ்டேஷன் கோபுரத்திலிருந்து தொங்கவிடுவார்கள். கீழே நாங்கள் நொண்டி விளையாடுவோம். சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும்.

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருடம் முன்பு. எனக்கு எட்டு வயது.

அப்பா பம்பு வண்டி டிரைவர். அவரோடு வேலைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் சூசை மாமா. கப்பலேறி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவர், அதனால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்ட தட்டை அவரே கழுவப் போவார். அம்மா விடமாட்டார்.

“வை தம்பி, நான் கழுவிக்கிறேன்.”

“தண்ணியில நிக்கிறதுதானக்கா நம்ம வேலை!”

மலாயில் அவருக்குத் ‘தெரிமா காசே’ மட்டும்தான் தெரியும். வழியில் யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிச் சிரிப்பார். எதற்கு நன்றி என்று புரியாமல் அவர்களும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் மணி அடித்தது. கடலோரத்து அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளில் தீ. வண்டி கிளம்பியதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றார்.

மூன்று மணி வாக்கில் வண்டி திரும்பியது. சூசை மாமா வரவில்லை...

பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒரு சீனப் பெண்ணையும் அந்தக் கைக்குழந்தையையும் அவர்தான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாராம். வந்தவர் திரும்ப உள்ளே ஓடியிருக்கிறார். கூரை இறங்கிவிட்டது. அப்போதெல்லாம் முகமூடி ஏது? மூக்கில் கட்டிய ஈரத்துணிதான்.

கல்லறைக்குப் பெட்டியைப் பம்பு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பாதான் ஓட்டினார். அவ்வளவு மெதுவாக அந்த வண்டி போய் நான் பார்த்ததே இல்லை.

குழியை மூடும்போது அந்தப் பெண் வந்தாள். மார்பில் குழந்தை. புருஷன் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான். அவள் ஹொக்கியன் சீனத்தில் கேட்டதை அவன் மலாயில் அப்பாவிடம் சொன்னான். ‘உள்ளே யாரும் இல்லை என்று நான் கத்தினேனே, அவருக்குக் கேட்கவில்லையா?’

அப்பா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“தா டெங்கார். இஞ்சின் சத்தம்.”

கேட்கவில்லை... அவ்வளவுதான். அவள் மண்ணைத் தொட்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் அப்பா அம்மாவிடம் சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது.

“அவனுக்கு நல்லாவே கேட்டுச்சு புள்ள. ‘அண்ணே, போ போங்கறாங்க, உள்ள இன்னும் ஆள் இருக்கு’ன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் ஓடுனான். அந்தப் பொண்ணு சொன்னது ‘போ லாங்’. ஆள் இல்லன்னு அர்த்தம். பத்து வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? இஞ்சின் பக்கத்துல நின்னதால அவ குரல் எனக்குக் கேக்கல. கேட்டிருந்தா கைய புடிச்சு இழுத்திருப்பேன்...”

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க. பச்ச உடம்புக்காரி. தாங்க மாட்டா.”

அப்பா சாகும்வரை சொல்லவில்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சட்டை தைக்க அளவெடுப்பதற்கு முன்பே அந்தப் பாடம் நடக்கும். “போன்னா இல்லன்னு அர்த்தம்டா. திருப்பிச் சொல்லு.” எதற்கு என்று யாருக்கும் விளக்கமாட்டார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மெழுகுவத்தியோடு போவோம். ஏப்ரலில் சீனர்களின் கல்லறை நாளான செங் பெங்குக்கு அந்தப் பெண் ஆரஞ்சுப் பழத்தோடு வருவாள். சொந்தபந்தம் இல்லாத மனுஷனுக்கு வருடத்தில் இரண்டு முறை புல் வெட்டி, கல் துடைத்துவிடுவோம்.

போன ஏப்ரலில், பக்கத்து ஊரான மாசாயில் இருக்கும் என் மகள் காரில் கூட்டிப்போனாள். கல்லறைக்குப் பக்கத்தில் இப்போது ஓயாத வாகனச் சத்தம். எழுத்து தேய்ந்த கல்லின் முன்னே ஒருவர் குந்தி உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். அந்தக் கைக்குழந்தை...

மலாயில் பேசிக்கொண்டோம். ‘அம்மா கடைசிவரை அதையேதான் கேட்டார்கள்’ என்றார். ‘நான் இன்னும் சத்தமாகக் கத்தியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்குமா என்று. உங்கள் அப்பா ஏதாவது சொல்லியிருக்கிறாரா?’

அவர் கையில் ஈரமண். கண்ணில் எண்பது வருடக் கேள்வி. என் வாயில் அப்பாவின் பதில்தான் வந்தது.

“எவ்வளவு கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. இஞ்சின் சத்தம் அப்படி.”

அவர் தலையாட்டினார். எனக்கு ஓர் ஆரஞ்சு கொடுத்தார். அங்கேயே உரித்துச் சாப்பிட்டோம்.

அன்றைக்கு ஒரே ஒரு சொல் தெரியாமல் ஓர் உயிர் போனது. இன்றைக்குப் போனில் விரல் பட்டால் எந்த மொழியும் நம் மொழியாகிவிடுகிறது... நல்லதுதான். அந்த வசதி அப்போது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

இதை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காமல் தமிழிலேயே விட்டுவிடுங்கள் லா. ஆரஞ்சு கொடுத்த அந்தப் பெரியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதினேன்.