மாமூல் தோட்டா

எந்தப் படை என்று எழுதப்போவதில்லை. புதுச்சேரியில் துப்பாக்கியோடு காவல் நிற்கிற ஒரு படை; அதில் நான் ஆர்மரர். துப்பாக்கி, தோட்டா எல்லாம் என் பொறுப்பு. பொம்பளை கையில் ஆர்மரியா என்று முதல் நாள் சிரித்தவர்களை மறுநாளே ரைபிள் துடைக்க உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

1. வெடித்தது

ஒரு காலை, கடற்கரைப் பக்கத்துக் காவலிடத்தில் டூட்டி மாறும்போது, காவலுக்கு வந்த முருகையன் கையில் இருந்த ரைபிள் வெடித்தது. லோடு செய்யும்போது, அதாவது போல்ட் என்கிற இரும்புத் தாழை இழுத்து விட்டுத் தோட்டாவை உள்ளே ஏற்றும்போது, மணல் டிரம்மை நோக்கித்தான் பிடிக்க வேண்டும், அப்படித்தான் பிடித்திருந்தான். குண்டு டிரம் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போய், கார்டு கமாண்டர் தனசேகரின் காலடியில் தரையைப் பெயர்த்தது. யாருக்கும் அடியில்லை, நல்ல காலம்.

"போல்ட்ட விட்டதும் தானா வெடிச்சிடுச்சு மேடம். வெரல் ட்ரிகர்லயே இல்ல," என்றான் முருகையன்.

தனசேகர் கொதித்துப் போயிருந்தார். "மாட்டிக்கிட்டவன் எல்லாம் இதத்தான் சொல்லுவான். வருஷக்கணக்கா தெனம் இதே எடத்துல லோடு பண்றோம், எறக்குறோம். யார் கையிலயும் வெடிக்காதது இவன் கையில மட்டும் எப்படி வெடிக்கும்?"

நியாயமான கேள்வி. முருகையன் வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன். அந்த வீட்டில் கடலுக்குப் போகாமல் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள்.

படைத் தலைவரான கமாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். "திங்கக்கெழம டிஸ்மிஸ் ஆர்டர்ல கையெழுத்துப் போடணும். ரைபிள்ல கோளாறுன்னா அதுக்குள்ள காட்டுங்க. இல்லாட்டி எனக்கு வேற வழியில்ல."

ரைபிளைப் பிரித்து அலசினேன். ட்ரிகர், ஸ்பிரிங், ஃபயரிங் பின், ஒன்றிலும் கோளாறில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

2. அதே தோட்டா

மறுநாள் டூட்டி மாறுவதை நேரில் பார்க்கப் போனேன். ஒருவர் லோடு செய்து காட்டினார். பிறகு இறக்குவதற்காகப் போல்ட்டை இழுத்தார். தோட்டா வெளியே விழுந்தது. அதைப் பொறுக்கி, பேண்ட்டில் துடைத்து, மேகசினில் மேலே அழுத்தி வைத்தார்.

"அதையேவா திரும்ப மேல வைக்கிறீங்க?"

"எப்பவும் அதான் மேடம்," என்றார் தனசேகர். "அது மாமூல் தோட்டா. இன்னொண்ண எதுக்கு அழுக்காக்கணும்?"

எனக்குச் சுரீரென்றது. வருஷக்கணக்காக ஒவ்வொரு மேகசினிலும் லோடு செய்தது ஒரே ஒரு தோட்டாவை. அதற்குக் கீழே இருந்த மற்றவை ஒருநாளும் சேம்பருக்குள், தோட்டா வெடிக்கிற அந்த அறைக்குள், போனதே இல்லை.

முருகையனைத் தனியே கூப்பிட்டேன். "அன்னிக்கு மேல இருந்தது மாமூல் தோட்டாவா?"

நழுவப் பார்த்தான்.

"வாயத் தொறடா. வேலையே போவப்போவுது, இன்னும் என்னத்த மறைக்கிற?"

"இல்ல மேடம். அதோட பின்பக்கம் ஒரே குழியா கெடந்துது. பாக்கவே பயமா இருந்துச்சு. மேகசின காலி பண்ணி, அத அடியில போட்டுட்டேன். கேக்காம மாத்தினதுக்குத் தனியா ஒரு சார்ஜ் போட்டுடுவாங்கன்னு சொல்லல."

மடையன். பிழைக்க வைக்கிற ஒரே விஷயத்தை மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

தோட்டாவின் பின்புறம் நடுவில் இருக்கிற சின்ன வட்டம்தான் ப்ரைமர். நாங்கள் கேப் என்போம்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து வந்த எங்கள் தெரு சொல்தாக்கள் அமோர்ஸ் என்பார்கள். ஃபயரிங் பின் என்கிற ஊசி வந்து குத்தினால் முதலில் வெடிப்பது அதுதான். எங்கள் ரைபிளில் அந்தப் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடுகிற வேகத்தில் அதுவும் முன்னால் போய் கேப்பை லேசாகத் தட்டும். கேப் உள்ளடங்கி இருந்தால் சின்னக் குழியோடு போய்விடும். துருத்திக்கொண்டு இருந்தால் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கலாம்.

அன்று முருகையன் கையில் இருந்த மேகசினைக் கொட்டி, ஒவ்வொரு தோட்டாவின் பின்புறமும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இழுத்தேன். சிலவற்றில் கேப்பில் தட்டியது; அன்று வெடித்ததும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும். சீல் பெட்டியில் வருவதை எண்ணித்தான் வாங்குவோம். தடவிப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

3. ரேஞ்சில்

சுடும் பயிற்சித் திடலில், கமாண்டன்ட் எதிரில், அதே ரைபிளின் ட்ரிகருக்குப் பின்னால் மரக்கட்டையைச் செருகி இறுக்கினேன். இனி யார் விரல் வைத்தாலும் ட்ரிகர் அசையாது. எல்லோரையும் பின்னால் நிறுத்தி, மண்மேட்டை நோக்கிப் பிடித்து, ஸ்கேல் தட்டிய தோட்டா ஒன்றைப் போட்டு போல்ட்டை விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. தனசேகர் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்ததைப் போட்டேன். போல்ட் மூடியதும் வெடித்தது.

முதலில் பேசியது தனசேகர்தான். "கட்ட அப்படியேதான் சார் இருக்குது. பையன் சொன்னது நெசம்."

கமாண்டன்ட் ஆர்டரை அங்கேயே கிழித்தார். அந்த லாட்டில் வந்த தோட்டா முழுவதையும் திருப்பி அனுப்பச் சொன்னார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆர்மரி மொத்தத்துக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். முருகையன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே என்று யாராவது சொன்னால், இத்தனை வருஷமா எதைச் சோதித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது டூட்டி மாறும்போது ஒவ்வொரு தோட்டாவின் கேப்பையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மேகசின் கை மாறும். புது லாட் வந்த முதல் நாள் நான் போய் நின்றேன். தனசேகர் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றார். திரும்பத் தடவினார். "இது தட்டுது மேடம்," என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மிச்சத்தை நிரப்பி, மேகசினைத் தன் கையாலேயே முருகையனிடம் கொடுத்தார்.