சூரியநெல்லிச் சுவரில் மாட்டிய படங்கள்

பொதுமக்களுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பிரஷ் பிடிக்கிற நேரம் கொஞ்சம்தான், மிச்ச நேரமெல்லாம் நாற்காலி இழுத்துப் போடுவதிலும், ஹால் சாவியைத் தேடுவதிலும், "இதக் கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களைச் சிரித்த முகத்தோடு வழியனுப்புவதிலும் போய்விடும். ஊர்ப் பொது மண்டபங்களில் பாட்டோ, பரதமோ, தையலோ எதையோ சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளும் சக பாவப்பட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

எங்கள் கலை மையம் சூரியநெல்லிக்குப் பக்கத்தில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது. அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக எஸ்டேட்டில் கட்டிய பழைய கட்டடம் அது. பஞ்சாயத்து அதற்குப் பெயின்ட் அடித்து, மலையாளத்திலும் தமிழிலும் போர்டு மாட்டி, சாவியை என்னிடம் கொடுத்தது. நான் இங்கேயே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். வெளியூர் போய் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆகவே இங்கே யாருக்கும் என்னிடம் பயம் கிடையாது. ஆனாலும் இந்த ஊர் எனக்கு அசைந்துகொடுக்கும் என்று சாவி வாங்கிய அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மழைக்கு ஒதுங்கியவர்கள்

முதல் நாள் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. பேப்பர், பென்சில், வாட்டர் கலர் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரி மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்தபடி ஓடிவந்து வராந்தாவில் ஒண்டினார்கள். நான் விடுவேனா? "சும்மாதான நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காந்து எதையாச்சும் வரைங்க" என்றேன்.

அவர்களில் மாரியம்மாக்கா கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தாளின் அடியில் மட்டும் நாலு செடி போட்டு, மிச்சத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டார். "மேல ஒண்ணும் போடலையா?" என்றேன். "அது மஞ்சு. மஞ்சுக்குள்ள என்ன தெரியும்?" என்றார். எங்கள் பக்கம் மூடுபனியை மஞ்சு என்போம். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது இந்த மையம் நிலைத்து நிற்கும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மழை விட்டதும் எல்லோரும் எழுந்து பிளாஸ்டிக்கை உதறினார்கள். "திரும்ப எப்பக்கா வருவீங்க?" என்று கேட்டேன். வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு மாரியம்மாக்கா சொன்னார்:

"நாளைக்கும் மழ பேஞ்சா வாரோம் டீச்சர்."

அசையாத மனிதர்

முகம் வரையும் வகுப்புக்கு ஒருவர் அசையாமல் உட்கார வேண்டும். டீ ஃபேக்டரியிலிருந்து ஓய்வுபெற்ற சுப்பையா அண்ணனைக் கேட்டேன். "வெறுமன உக்காரணுமா? அவ்வளவுதானா?" என்று மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் சால்வையுமாக வந்து உட்கார்ந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தபோதுகூட மனிதர் அசையவில்லை. அந்த மாதம் முழுக்க எல்லோரும் அவரையே வரைந்தார்கள்.

பிறகு மையத்திலேயே வைத்த முதல் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்கச் சுப்பையா அண்ணன்தான். கோபமாக, சோகமாக, ஒரு கண் சிறுத்து, ஒரு காது பெருத்து, ஒன்றில் மட்டும் மந்திரி மாதிரி. அவர் மனைவி செல்லத்தாய்க்கா சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனார். பெருமைப்படுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவர் என் பக்கம் திரும்பி, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இம்புட்டு நேரம் ஒரே எடத்துல உக்காரத் தெரிஞ்ச மனுசனுக்கு, தேங்கா துருவ உக்காரச் சொன்னா மட்டும் எப்படி டீச்சர் இடுப்பு வலிக்கிது?"

ஜீப் படம்

முருகேஸ்வரி ஃபேக்டரியில் இலை பிரிக்கிற வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வகுப்புக்கு வருவாள். அவள் புருசன் ஜெயராஜ் கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டுகளை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன். பொண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாமல் படம் போடப் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஜீப்பை வாசலில் கிறீச்சென்று நிறுத்திவிட்டு, செருப்புக் காலோடு உள்ளே வந்தான். "எந்திரி. வீட்டுக்கு வா" என்றான். முருகேஸ்வரி பிரஷை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எழுந்து போனால் பிறகு வரவே மாட்டாள். அவள் மட்டுமல்ல, இன்னும் பாதிப் பேரின் வீட்டிலும் இதே பேச்சுக் கிளம்பும். நான் சத்தம் போடவில்லை. "தம்பி, அவ என்ன வரையுறான்னு பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பார்த்தான். அவனுடைய ஜீப். முன்பக்கம் அவன் ஒட்டியிருக்கும் வேல் ஸ்டிக்கர், கண்ணாடியில் தொங்கும் மணிமாலை, சேறு அப்பிய டயர் எல்லாம் அப்படியே இருந்தன. அவன் முகம் மாறிவிட்டது. குனிந்து, மூக்கு பேப்பரில் படும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான். அப்புறம், கொஞ்சம் முன்னால் கத்தினது தான் இல்லை என்பது மாதிரி மெதுவாகக் கேட்டான்: "வண்டி மட்டும் நிக்கிது. நான் எங்க?" முருகேஸ்வரி தலையை நிமிர்த்தாமல், டயருக்குக் கறுப்பு பூசிக்கொண்டே பதில் சொன்னாள். அவன் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்தான்; வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளைக் கொண்டுவந்து விடுவதும் அவன்தான். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க என்னைக்கு வீட்டுல நின்னிருக்கீங்க, நான் பாத்து வரையிறதுக்கு?"

கண்காட்சிக்குள் ஒரு கல்யாணம்

அந்த முதல் கண்காட்சி நடந்துகொண்டிருக்கையில் காற்றடித்து, எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தின் தகரக் கூரை பறந்துவிட்டது. அங்கே மறுநாள் லயத்துப் பெண் கனகாவுக்குக் கல்யாணம். வேறு மண்டபம் கிடையாது. பஞ்சாயத்து மெம்பர் ஷாஜி என்னிடம் ஓடிவந்தார். "டீச்சரே, இந்த பிரதர்சனம் ஒண்ணு மாத்தி வெக்கணும். பெண் வீட்டுக்காரங்க கரையுது" என்றார், மலையாளம் கலந்த தமிழில். கண்காட்சியை எடுத்து வைக்க வேண்டும், பெண் வீட்டார் அழுகிறார்கள் என்று அர்த்தம். மாதக்கணக்காக உழைத்து மாட்டிய கண்காட்சி. கழற்றினால் அதே ஒழுங்கில் திரும்ப மாட்ட ஒரு வாரம் ஆகும். படம் போட்டவர்கள் மனசும் விட்டுப்போகும். பெண்ணின் அப்பா வாசலில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"கல்யாணம் இங்கயே நடக்கட்டும். படமும் இங்கயே இருக்கட்டும்" என்றேன். மெம்பர் தலையைச் சொறிந்தார். அன்று சாயங்காலமே மணவறை வந்து இறங்கியது. மறுநாள் போடியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், முகூர்த்தத்துக்கு முன்னால் கையில் காப்பி டம்ளரோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் எந்தக் கண்காட்சியிலும் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. சாம்பார் ஒரு படத்தின் மேலும் சிந்தவில்லை. ஆல்பம் வந்த பிறகு கனகா அதைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கே வந்தாள். மணவறை போட்டிருந்தது எந்தச் சுவருக்கு முன்னால் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"எங்க சொந்தச் சித்தப்பா ஒரு போட்டோவுலயும் விழல டீச்சர், சுப்பையா மாமா மட்டும் எல்லாப் போட்டோவுலயும் என் தலைக்கு மேல நிக்கிறாரு!"

வெயில் ஊரில் மஞ்சு

கிழக்குப் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசகசாலை ஒன்றில் எங்கள் படங்களை வைக்கக் கூப்பிட்டார்கள். ஜெயராஜ் ஜீப்பிலேயே போனோம். மலையை விட்டு இறங்க இறங்க எங்கள் பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், பிறகு சால்வையை. பொள்ளாச்சி தாண்டியதும் பேச்சே நின்றுவிட்டது. வாசகசாலையில் ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை.

தென்னந்தோப்பும் வயலும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். மற்ற படங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மாரியம்மாக்காவின் மஞ்சுப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். முதல் நாள் மழையில் வரைந்ததேதான். "பேப்பரு பூராச் சும்மா கெடக்குதுங்களே?" என்றார். "அது மூடுபனிங்க. எங்க ஊருல காலைல இப்படித்தான் இருக்கும்" என்றார் மாரியம்மாக்கா. பெரியவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வெளியே வெயிலில் ரோடு பளபளத்தது. மறுபடி படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, விளையாட்டே இல்லாமல் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க டீச்சர், இதக் கொண்டுபோயி எங்கூட்டுல மாட்டுனா, ஊடு கொஞ்சமாச்சும் குளுருமுங்களா?"

யானைக்குப் பக்கத்தில்

இந்த வருடக் கண்காட்சியில் பென்னி சார் ஒரு யானை வரைந்திருந்தார். பென்னி சார் ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். எங்கள் மையத்திலேயே நன்றாக வரைகிறவர். சாயங்கால வெளிச்சத்தில், புல்லுக்கு நடுவே, அணைக்கட்டுத் தண்ணீரோரம் கொம்பன் யானை ஒன்று தனியாக நிற்கும் பெரிய படம். வாசலுக்கு நேரே அதைத்தான் மாட்டினேன். மறுநாள் உத்காடனம்; திறப்பு விழாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

திறப்பு நாள் காலையில் பக்கத்து லயத்துப் பேச்சியம்மாள் வந்தாள். அவள் வீட்டு அடுப்படியை யானை இடித்துப்போட்டு அப்போது ஒரு வருடம் ஆகியிருக்கும். அரிசி வாசனைக்கு வந்தது. புருசனுக்குக் காலில் சுவர் விழுந்து, இன்னமும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். வாசலில் கால் வைத்தவள் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "இத எறக்குங்க" என்றாள். பென்னி சார், "சேச்சி, இது வெறும் படம்தானே" என்று தொடங்கினார். "ஒங்களுக்குப் படம்! எறக்குறீங்களா, நானே கிழிச்சுப் போடவா?" என்று படத்தை நோக்கி வந்தாள். பென்னி சார் படத்தைக் கழற்றக் கை நீட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அந்தப் படத்தில் பொய் ஒன்றும் இல்லை. பேச்சியம்மாள் சொல்வதிலும் பொய் இல்லை. "படம் எறங்காது பேச்சி. ஆனா அதுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. ஒங்க வீட்டுல அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ போட்டுக் குடு, மாட்டுறேன்" என்று ஒரு அட்டையையும் கரித்துண்டையும் நீட்டினேன். திட்டிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு மூலையில் தரையில் உட்கார்ந்தாள். அதுவரை கோலம் தவிர எதுவும் போட்டதில்லையாம். அழுத்தி அழுத்திப் போட்டதில் கரி இரண்டு தரம் ஒடிந்தது. சுவரில் ஒரு பெரிய ஓட்டை, கவிழ்ந்த குக்கர், கிழிந்த அரிசிச் சாக்கு, சுவருக்கு அடியில் ஒரு கால். யானை இல்லை. ஓட்டைக்கு வெளியே வெறும் கறுப்பு.

ஆணி அடித்தது பென்னி சார். தன் படத்தை ஒரு சாண் தள்ளி மாட்டி இடம் விட்டார். மாட்டி முடித்ததும் அவர் பேச்சியம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை, ஆனால் படம் கோணலாக இருக்கிறது என்று கை காட்டிச் சரிசெய்யச் சொன்னாள்.

உத்காடனத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் யானையிடம் போனார்கள். பிறகு பக்கத்துப் படத்துக்கு நகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். விருந்தாளியாக ஒரு அதிகாரி வந்திருந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அவரும் அந்த அட்டையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்று, "இது எந்த லயம்?" என்று என்னிடம் விசாரித்தார். நான் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் அவளிடம் வீடு எங்கே, சுவர் எழுப்பியாயிற்றா, புருசன் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனார். அந்த வாரமே ஆட்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அடுப்படிக்குச் சுவர் எழும்பியிருக்கிறது. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அவர் காரில் ஏறிப் போனதும், பேச்சியம்மாள் முந்தானையில் கரிக் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"வீட்டுக்கு வந்து பாருங்க பாருங்கன்னு எத்தனை தடவ கூப்பிட்டேன் டீச்சர், வரல. வரைஞ்சு மாட்டுனதும் வந்து நிக்கிறாக பாருங்க!"

ஆக, சக பாவப்பட்டவர்களே, நான் இந்த ஊருக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்ததாகப் பஞ்சாயத்து அறிக்கையில் போட்டிருக்கிறார்கள். என் கணக்கில் நான் செய்ததெல்லாம் பேப்பரை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததுதான், அதையும் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.