அண்ணையின் நண்டுத் தடிப்பு

போன வருடம் ஒருநாள் மத்தியானம் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும்பினேன். கழுத்து அரிப்பெடுத்துக் கடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முதுகு முழுக்கத் தடிப்பு. நான் பருத்தித்துறையில் பிறந்து, பல் முளைத்த நாளிலிருந்து நண்டுக்கால் கடித்து வளர்ந்தவள். எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் வீட்டில் நண்டு ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அண்ணைதான். வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் அவர்தான் நண்டு வலை போடுகிறவர். பிடித்துவந்த நண்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனக்கென்று சின்னச் சட்டியில் ஒற்றை முட்டை போட்டு வைத்த குழம்போடு சாப்பிட இருப்பார். "பிடிக்கிறது நீங்கள், தின்னுறது நாங்கள்" என்று நண்டுக்காலை உறிஞ்சி உறிஞ்சிக் காட்டுவேன். எவ்வளவு சீண்டினாலும் அவருக்குக் கோபம் வராது. அதுதான் எனக்குக் கோபம்.

தடிப்பு வருவதற்கு முன்பே எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று வந்து படுக்கையில் விழுந்தேன். எலும்புக்குள் இருக்கும் மச்சை பழுதாகி, உடம்பில் இரத்தம் ஊறுவது குறைந்துபோனது. கூடப்பிறந்தவரின் குருத்தணு பொருந்தினால் பிழைக்கலாம் என்றார்கள். அண்ணையுடையது பொருந்தியது. இரண்டு பேருமாகச் சென்னைக்குப் போனோம். ஊசியைக் கண்டாலே முகம் வெளிறுகிற மனுசன், குருத்தணு எடுக்கக் கையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்தார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மாவா?

என் பழுதான மச்சையை மருந்து கொடுத்து அழித்துவிட்டு, அண்ணையிடம் எடுத்ததை ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து என் நரம்பில் ஏற்றினார்கள்.

"நரம்பிலை ஏத்தினால் எலும்புக்குள்ளை எப்பிடிப் போகும்?" என்று அண்ணை டொக்டரிடம் கேட்டார்.

பழுதான இடம் இரசாயனங்களைச் சுரக்குமாம். இரத்தத்தில் சுற்றுகிற குருத்தணு அதை உணர்ந்து, தானாகவே அங்கே போய் ஒட்டிக்கொண்டு புது இரத்தம் செய்யத் தொடங்குமாம். யாரும் வழி காட்டத் தேவையில்லை என்றார் டொக்டர்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? கூப்பிட்டால் போதுமாம்."

என் எலும்பு கூப்பிட்டது. அவருடைய குருத்தணுக்கள் வந்து குடியேறின. என் இரத்த வகைகூட அவருடையதாக மாறிவிட்டது.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்த காலம் வந்தது. அண்ணை பிரான்சுக்குப் போனார். அங்கே அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இடையில் வந்தால் திரும்பிப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அம்மா, "எப்ப ராசா வாறாய்?" என்று கேட்பார். "வாறன் அம்மா, வாறன்" என்பார் அண்ணை. என் எலும்பு கூப்பிட்டதற்கு வந்தவர், பெற்ற தாய் கூப்பிட்டும் வர முடியாமல் இருக்கிறார். யார்மேல் கோபப்படுவது? உடம்பு முழுக்க அவருடைய இரத்தம் ஓடுகிறது. இருந்தும் ஒருதரம் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நண்டுத் தடிப்பைப் பற்றித் தொலைபேசியில் சென்னை டொக்டரைக் கேட்டேன். கொடுத்தவரின் ஒவ்வாமை எப்போதாவது குருத்தணுவோடு சேர்ந்து வந்துவிடும், இனி நண்டைத் தொடாதீர்கள் என்றார். அதைக் கேட்ட அம்மா, அண்ணையின் சின்னச் சட்டியைத் தேடி எடுத்துக் கழுவினார்.

அந்த ஞாயிறு அண்ணைக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"உனக்கு வேணும்! எனக்கு உறிஞ்சிக் காட்டினனியல்லே! முதல் எங்கை கடிச்சது?"

"கழுத்திலை."

சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கும் அங்கைதான் துவங்கும்" என்றார். பிறகு கேட்டார், "அம்மா உனக்கு முட்டைக் குழம்போ வைக்கிறவ?"

"ஓம். உங்கடை சட்டியிலை."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையடி."

"வைக்கிறன் அண்ணை."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை நண்டு சமைத்த நாளில் சின்னச் சட்டியைத் திறந்தேன். குழம்பில் இரண்டு முட்டைகள் கிடந்தன.